கேள்விக்கு ஊர் சொல்லும் பதில்: ஸ்பானிய வட்டாரக் குற்றப் புனைவுகளைப் பற்றி

ஸ்பானிய மொழிக் குற்றப் புனைவுகளில், அதிலும் மாட்ரிட் போன்ற தலைநகரங்களை விட்டு விலகி ஒரு வட்டாரத்தை மையமாக வைத்து எழுதப்படும் நாவல்களில், ஊரும் அடையாளமும் உண்மையிலேயே கதையை நடத்துகின்றனவா, அல்லது மூடுபனி, மீன்பிடித் துறைமுகம், பாட்டி சொன்ன பேய்க்கதை என்று வெளியூர் வாசகருக்காகத் தொங்கவிடப்படும் திரைச்சீலைதானா என்பது கேள்வி. இரண்டு வகையும் ஏராளமாக உண்டு. சில சமயம் ஒரே நாவலுக்குள்ளேயே இரண்டும் உண்டு. அவற்றைப் பிரித்துப் பார்க்க நான் கைக்கொள்ளும் அளவுகோல் எளிமையானது. துப்பறிபவர் ஒரு வீட்டுக் கதவைத் தட்டிக் கேள்வி கேட்கும்போது அந்த ஊர் எப்படிப் பதில் சொல்கிறது என்று பார்ப்பேன். மலையையும் மழையையும் வழிகாட்டிப் புத்தகத்தைப் பார்த்தே எழுதிவிடலாம். மழுப்பலையும் மௌனத்தையும், யார் கேட்டால் வாய் திறக்கும், யார் கேட்டால் திறக்காது என்பதையும் அப்படி எழுத முடியாது.

கொலை விசாரணை என்பதே, வடிவத்தைப் பொறுத்தவரை, முழு அந்நியரோ பாதி அந்நியரோ ஒருவர் வீடு வீடாகச் சென்று மனிதர்களைப் பேச வைக்கும் முயற்சிதான். ஆகவே கேள்வி கேட்கும் அதிகாரம் எவருடையது, எந்த மொழியில் கேட்கப்படுகிறது, கேட்பவர் எந்த ஊர்க்காரர் என்ற மூன்றும் அடையாளத்தைப் பற்றிய கேள்விகளாக ஆகிவிடுகின்றன. ஸ்பெயின் போன்ற நாட்டில், பல மொழிகளும் பல காவல் படைகளும் ஓர் உள்நாட்டுப் போரின் ஆறாத நினைவும் உள்ள இடத்தில், இதைத் தவிர்த்து ஒரு நல்ல குற்ற நாவலை எழுதுவதே கடினம்.

ஆனால் இந்த எழுத்துக்கு ஊர் வாய்த்ததே தாமதமாகத்தான். 1939 முதல் 1975 வரை நீடித்த சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சியில் ஸ்பானியக் காவல் துறை குறித்துத் தாழ்வாக எழுதினால் தணிக்கை விடாது. அதனால் தெருமுனைக் கடைகளில் விற்ற மலிவு விலை நாவல்களில் கொலைகள் நியூயார்க்கிலும் சிகாகோவிலும் நடந்தன. எழுதியவர்களோ ஆங்கிலப் புனைபெயர் சூட்டிக்கொண்ட ஸ்பானியர்கள். பார்சிலோனாவின் போப்லே-செக் என்ற உழைப்பாளர் குடியிருப்பில் பிறந்த ஃபிரான்சிஸ்கோ கொன்சாலெஸ் லெதெஸ்மாவின் கதை இதற்கு நல்ல சான்று. 1948இல் அவர் எழுதிய நாவல் பரிசு பெற்றது. தணிக்கை அதைத் தடை செய்தது. பிறகு 'சில்வர் கேன்' என்ற பெயரில் நூற்றுக்கணக்கான கௌபாய் கதைகளை எழுதிப் பிழைத்தார். தன்னுடைய தெருக்களையும் அங்கே திரிந்த மெந்தெஸ் என்ற அழுக்குக் கோட்டு ஆய்வாளரையும் அவரால் 1980களில்தான் அச்சில் காண முடிந்தது. 1984இல் பிளானெத்தா பரிசும் கிடைத்தது. அதுவரை அவருடைய சொந்த ஊருக்கு அவருடைய கதைகளிலேயே இடம் இருக்கவில்லை.

அந்தக் காலத்துக்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதைத் தமிழ் வாசகர்கள் தேடிப் படிக்க வேண்டும் என்று விரும்புவேன். லா மாஞ்சா பகுதியில் திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த தொமெயோசோ என்ற ஊரில் பிறந்த ஃபிரான்சிஸ்கோ கார்சியா பவோன், அதே ஊரின் நகராட்சிக் காவல் தலைவரான பிளினியோவை நாயகனாக்கினார். உடன் துப்பறிபவர் கால்நடை மருத்துவர் தொன் லொத்தாரியோ. நகராட்சிக் காவலர் என்ற சிறிய பதவி ஆசிரியருக்கு ஒரு கவசமாகவும் இருந்திருக்கும் என்பது என் ஊகம். அரசியல் போலீஸைப் பற்றிப் பேச வேண்டிய அவசியம் அவருக்கு நேரவில்லை. காலையில் ரோசியோவின் கடையில் சூடான பலகாரமும் காபியும், பின்பு நிதானமான நடை, வழியெல்லாம் ஊர்க்கதை. விசாரணை இதற்கு நடுவில்தான் நகரும். பிளினியோவுக்குத் தடயவியல் தேவையில்லை, யாருடைய பாட்டனார் யாருடன் வழக்காடினார் என்பது தெரிந்தால் போதும். 1969இல் நாதால் பரிசு பெற்ற நாவலில் அவரை மாட்ரிட்டுக்கு வரவழைக்கிறார்கள். அங்கே எவருடைய பாட்டனாரையும் அவருக்குத் தெரியாது. தலைநகரமே ஒரு வெளியூராகத் தெரியும் அந்தப் பார்வைக் கோணம் ஸ்பானிய மொழியில் அப்போது அரிதாக இருந்தது.

ஃபிராங்கோவுக்குப் பின் வந்த 'கறுப்பு நாவல்' அலையின், அதாவது சமூகத்தின் இருண்ட பக்கத்தைக் காட்டும் குற்ற நாவல்களின், மையம் மனுவேல் வாஸ்கெஸ் மொந்தல்பான். அவர் பிறந்தது 1939இல், பார்சிலோனாவின் ராவால் பகுதியில். தந்தை கலீசியாவிலிருந்தும் தாய் மூர்சியாவிலிருந்தும் வந்தவர்கள். 1962இல் அவரே அரசியல் கைதியாகச் சிறை சென்றார். அவர் படைத்த பெப்பே கார்வால்யோவும் கலீசியாவில் பிறந்து பார்சிலோனாவில் வாழ்பவர். முன்னாள் கம்யூனிஸ்ட், முன்னாள் சிஐஏ உளவாளி, தன் நூலகத்துப் புத்தகங்களை ஒவ்வொன்றாக அடுப்பில் எரித்துக் குளிர் காய்பவர். அலுவலகம் ராம்பிளாஸ் வீதியில், துறைமுகத்துக்கும் விலைமாதர்களுக்கும் காய்கறிச் சந்தைக்கும் பக்கத்தில். வீடோ நகரத்துக்கு மேலே வால்வித்ரேரா குன்றில். ஒவ்வொரு நாளும் அவர் குன்றிலிருந்து இறங்கி, மீண்டும் ஏறுகிறார். அந்த ஏற்ற இறக்கத்தில் வாசகர் பார்சிலோனாவின் வர்க்க வரைபடத்தைத் தன்னையறியாமல் மனப்பாடம் செய்துவிடுகிறார்.

1979இல் பிளானெத்தா பரிசு பெற்ற 'தென்கடல்கள்' நாவலை இந்த விவாதத்தில் தாண்டிப் போக முடியாது. ஸ்துவார்த் பெத்ரெல் என்ற கட்டுமானத் தொழிலதிபர், ஓவியர் கோகானைப் போலத் தென்கடல் தீவுகளுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மறைந்துவிடுகிறார். ஓராண்டுக்குப் பின் பார்சிலோனாவிலேயே ஒரு கட்டுமான இடத்தில் கத்திக்குத்துப்பட்ட பிணமாகக் கிடைக்கிறார். இடைப்பட்ட காலத்தில் அவர் எங்கே இருந்தார் என்பதுதான் கார்வால்யோவுக்குக் கொடுக்கப்பட்ட கேள்வி. அவர் ஒளிந்து வாழ்ந்த இடம் சான் மகீன் என்ற புறநகர்க் குடியிருப்பு. அந்தப் பெயர் கற்பனை. ஆனால் அண்டலூசியாவிலிருந்தும் மூர்சியாவிலிருந்தும் வேலை தேடி வந்தவர்களை அடைத்து வைக்க 1950களிலும் 60களிலும் அவசரமாக எழுப்பப்பட்ட அடுக்குமாடிகளைப் பார்த்தவர்களுக்கு அது நன்கு தெரிந்த இடம். அதைக் கட்டிக் கொள்ளை லாபம் ஈட்டியவர்களில் ஒருவர் இதே பெத்ரெல். பணக்காரரின் கனவில் இருந்த 'தெற்கு' ஒரு பசிபிக் தீவு. அவர் உண்மையில் சென்றடைந்த தெற்கு, ஸ்பெயினின் தெற்கு மாகாணங்களைப் பெயர்த்து வந்து சிமெண்டுக்குள் ஊன்றியிருந்த ஒரு புறநகர். கொலையாளியைச் சொல்லி வாசிப்பைக் கெடுக்க மாட்டேன். ஆனால் ஏன் கொலை என்பதற்கு அந்த ஈரம் ஊறும் சுவர்களே பாதி விடை.

பார்சிலோனாவைத் தலைநகராகக் கொண்ட கதலோனியாவில் இப்படி வந்து குடியேறியவர்களை இழிவாகக் குறிக்க 'சார்நேகோ' என்று ஒரு சொல் உண்டு. வாஸ்கெஸ் மொந்தல்பானின் நாவல்கள் அந்தச் சொல்லுக்கு உரியவர்களின் பார்சிலோனாவைப் பற்றியவை. ஸ்பானிய மொழியில் எழுதப்பட்டவை. ஆனால் அவற்றை வாசித்த எவரும் அவை பார்சிலோனாவுக்கு அந்நியமானவை என்று சொல்ல முடியாது. இது வெறும் இலக்கியச் சிக்கலாக நிற்கவில்லை. 2007 ஃபிராங்க்ஃபர்ட் புத்தகக் கண்காட்சியில் கதலான் பண்பாடு சிறப்பு விருந்தினராக அழைக்கப்பட்டபோது, கதலோனியாவிலேயே பிறந்து ஸ்பானிய மொழியில் எழுதுபவர்கள் அந்தக் குழுவில் இடம்பெற வேண்டுமா என்பது பெரிய சர்ச்சையாயிற்று. கடைசியில் கதலான் மொழியில் எழுதுபவர்கள் மட்டுமே சென்றார்கள். வாஸ்கெஸ் மொந்தல்பான் அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே பாங்காக் விமான நிலையத்தில் இறந்துவிட்டார். இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று யோசித்துப் பார்ப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு.

கார்வால்யோவின் சமையலைப் பலர் வெறும் அலங்காரமாக நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'தென்கடல்கள்' நாவலில், இறந்தவர் குறித்து வைத்திருந்த கவிதை வரிகளின் பொருளை அறிய, கார்வால்யோ தன் அண்டைவீட்டு நண்பர் ஃபுஸ்தெருடன் ஓர் இலக்கியப் பேராசிரியரின் வீட்டுக்குப் போகிறார். பேராசிரியர் வலென்சியாவின் வடக்கே, மலைமேல் இருக்கும் மொரெயா ஊர்க்காரர். அங்கே பயேயா சோறு வேகும் அடுப்புக்குப் பக்கத்தில்தான் இத்தாலியக் கவிஞர் பவேசேயின் கவிதையும் வேகிறது. எந்த ஊரில் அந்தச் சோற்றை எப்படிச் செய்வார்கள் என்ற வாதம், அந்த மனிதர்கள் யார் என்பதைச் சொல்லிவிடுகிறது. மண்ணை விட்டு வந்த ஒருவருக்கு மொழியும் கட்சியும் கைவிட்டுப் போன பின்பும் நாக்கில் எஞ்சியிருக்கும் ஊர் அது. கார்வால்யோ புத்தகத்தை எரிப்பார். செய்முறைக் குறிப்பை எரிக்க மாட்டார்.

பதில் சொல்லும் விதம் என்று தொடக்கத்தில் சொன்னேன் அல்லவா, அதை மிக நுட்பமாகக் கையாண்டவர் தொமிங்கோ வியார். 1971இல் வடமேற்கு மூலையில் கலீசியாவின் துறைமுக நகரமான வீகோவில் பிறந்தவர். 2022 மே மாதம் 51 வயதில் மறைந்தார். ஆய்வாளர் லியோ கால்தாஸை நாயகனாக வைத்து 2006, 2009, 2019 ஆகிய ஆண்டுகளில் மூன்றே நாவல்கள் வெளியிட்டார். ஒவ்வொன்றையும் கலீசிய மொழியிலும் ஸ்பானிய மொழியிலும் இணையாகவே எழுதினார். ஒன்றைச் செம்மைப்படுத்தும்போது மற்றது திருந்தும். கலீசியப் பதிப்பை வீகோவின் கலாக்ஸியா பதிப்பகம் வெளியிட்டது. ஸ்பானியப் பதிப்பை நாடு முழுவதும் வாசித்தார்கள். கலீசியக் கடலோரச் சிற்றூரில் பாதி உரையாடல் கலீசிய மொழியில்தான் நடக்கும். அதை ஸ்பானிய மொழியில் மட்டும் எழுதியிருந்தால் ஒரு பாத்திரமும் தன் வாயால் பேசியிருக்காது.

கால்தாஸின் உதவியாளர் ரஃபாயேல் எஸ்தேவெஸ், அரகோனின் சரகோசாவிலிருந்து மாற்றலாகி வந்த மாமிச மலை. அரகோன்காரர்கள் முகத்துக்கு நேரே பேசுபவர்கள், பிடிவாதக்காரர்கள் என்று ஸ்பெயினில் ஒரு பொதுப் பேச்சு உண்டு. கலீசியர்களைப் பற்றிய பொதுப் பேச்சு அதற்கு நேர் எதிர்: மாடிப்படியில் ஒரு கலீசியரைப் பார்த்தால் அவர் ஏறுகிறாரா இறங்குகிறாரா என்று சொல்ல முடியாது, கேட்டால் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்பார். வியார் இந்த இரண்டு பழைய நகைச்சுவைகளையும் எடுத்து விசாரணையின் இயந்திரமாகவே ஆக்கிவிட்டார். அவருடைய பக்கங்களில் நடப்பதை என் சொற்களில் ஒரு மாதிரிக்குச் சொன்னால் இப்படி இருக்கும். 'செவ்வாய்க்கிழமை இரவு அவர் படகு எடுத்துப் போனாரா?' என்று எஸ்தேவெஸ் கேட்பார். 'செவ்வாய்க்கிழமை காற்று அடித்ததே?' என்பார் துறைமுகத்தில் வலை பிரித்துக்கொண்டிருக்கும் கிழவர். 'போனாரா, போகவில்லையா?' 'போவதும் போகாததும் இருக்கிறது.' எஸ்தேவெஸின் கை முறுக்கிக்கொள்ளும். கால்தாஸோ அமைதியாக நிற்பார், ஏனென்றால் அவர் காதில் பதில் விழுந்துவிட்டது: காற்று அடித்த இரவில் அந்த மீனவர் தனியாகப் போயிருக்க மாட்டார். அரகோன்காரருக்கு ஏய்ப்பாகக் கேட்பது கலீசியருக்குத் தகவல். இந்த மறைமுகக் கிண்டலுக்குக் கலீசிய மொழியில் 'ரெத்ரான்கா' என்று தனிப்பெயரே இருக்கிறது.

இரண்டாவது நாவலின் தலைப்பைத் தமிழில் 'மூழ்கியவர்களின் கடற்கரை' எனலாம். வீகோவுக்குத் தெற்கே பான்ஷோன் என்ற சிறு மீன்பிடி ஊரில் ஒரு மீனவரின் உடல் கரை ஒதுங்குகிறது. மணிக்கட்டுகள் பச்சை நிறப் பிளாஸ்டிக் நாடாவால் கட்டப்பட்டிருக்கின்றன. உயிரை மாய்த்துக்கொள்ள நினைக்கும் மீனவர் தன் கைகளைத் தானே கட்டிக்கொள்வார், நீந்திவிடக் கூடாது என்பதற்காக. ஊராருக்கு இது தெரியும், ஆகவே யாரும் பெரிதாக வியக்கவில்லை. நாடா இறுகியிருக்கும் விதத்தில்தான் முதல் ஐயம் எழுகிறது. கடலைப் பற்றிய அந்த ஊரின் அறிவே முதலில் விசாரணைக்குத் தடையாகவும் பிறகு திறவுகோலாகவும் ஆவதைக் கவனியுங்கள். இதே நாவலில் மீன் ஏலக்கூடம் வருகிறது. கலீசிய ஏலக்கூடங்களில் விலை கீழிருந்து மேலே ஏறுவதில்லை, மேலிருந்து கீழே இறங்கும். யார் முதலில் நிறுத்துகிறாரோ அவருக்குச் சரக்கு. வாயைத் திறக்க வேண்டிய கணத்தைக் கணித்துக் காத்திருப்பது அங்கே தினசரிப் பிழைப்பு. அப்படிப்பட்டவர்களிடம் போய் அவசரமாகக் கேள்வி கேட்டால் என்ன கிடைக்கும்?

இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. அந்த நாவலின் ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு சொல்லின் அகராதிப் பொருள்களோடு தொடங்குகிறது. ஒரே சொல்லுக்கு மூன்று, நான்கு பொருள்கள். எந்தப் பொருளில் அந்தச் சொல் கதைக்குள் வரப்போகிறது என்பது படித்து முடிக்கும்வரை தெரியாது. இருபொருளில் பேசும் ஊரைப் பற்றிய நாவலுக்கு இதைவிடப் பொருத்தமான வாசற்படி இல்லை. கால்தாஸ் ஓர் உள்ளூர் வானொலி நிகழ்ச்சியில் மக்களின் புகார்களைக் கேட்பவரும்கூட. எந்தக் கதவைத் தட்டினாலும் 'வானொலிக்காரர் கால்தாஸா?' என்றுதான் வரவேற்பு. காவல் துறை அடையாள அட்டையைவிட அந்தக் குரல் அவருக்கு அதிகக் கதவுகளைத் திறந்துவிடுகிறது, அவர் அதை வெறுக்கிறார் என்றாலும்.

ஆங்கிலப் பதிப்பாளர்கள் இந்த நாவலுக்கு 'கலீசியக் கரையில் ஒரு சாவு' என்ற பொருள்படத் தலைப்பிட்டார்கள். மூலத் தலைப்பில் கலீசியா என்ற பெயர் இல்லை. அங்கிருப்பவருக்கு அது தேவைப்படாது. ஊர் எப்போது விற்பனைப் பொருளாகிறது என்று கேட்டால் இந்த ஒரு சொல்லைத்தான் காட்டுவேன்.

பஸ்தான் பள்ளத்தாக்கைப் பின்புலமாகக் கொண்ட தொலோரெஸ் ரெதோந்தோவின் மூன்று நாவல்களை (2013, 2014) இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும், ஏனெனில் ஊரும் அடையாளமும் என்றவுடன் இன்று பெரும்பாலோர் நினைப்பது அவற்றைத்தான். நவார்ராவின் வடக்கே எலிசோந்தோ என்ற ஊர், பாஸ்க் மொழி பேசும் மலைநாடு; காட்டுக்காவலனான பசஹாவுன், மாரி என்ற பெண்தெய்வம், பிணங்களின் மேல் வைக்கப்பட்ட உள்ளூர்ப் பலகாரம். விற்பனை பெரும் வெற்றி, திரைப்படங்களும் வந்தன, எலிசோந்தோவுக்கு வாசகர்கள் சுற்றுலாவாகப் போகிறார்கள். பாஸ்க் தொன்மங்களை ஊர் ஊராகத் தொகுத்த பாதிரியார் பரந்தியாரானின் உழைப்பு இவற்றின் பின்னால் இருக்கிறது. எனினும் அந்தத் தெய்வங்கள் பல இடங்களில் கதையின் மேல் போர்த்தியதாகவே எனக்குப் படுகின்றன. எடுத்துவிட்டால் கொலை வழக்கு அப்படியே நிற்கும். எடுக்க முடியாதது அந்தக் குடும்பத்தின் பேக்கரி. ஆய்வாளர் அமாயா சலாசார் சிறுமியாக அங்கே அனுபவித்த பயம், மாவின் மணம், சகோதரிகளுக்குள் யாருக்குச் சொத்து என்ற புகைச்சல், இவை எலிசோந்தோவை உண்மையான ஊராக்குகின்றன. அமெரிக்காவில் எஃப்பிஐயிடம் பயிற்சி பெற்றுத் திரும்பிய அதிகாரி, சகோதரியின் சமையலறையில் பத்து வயதுக் குழந்தையாகச் சுருங்கிப்போவதை நம்ப எந்தப் பழங்கதையின் துணையும் தேவையில்லை.

அமாயா நவார்ராவின் தனிக் காவல் படையான பொலிசியா ஃபோராலைச் சேர்ந்தவர் என்பதும் கவனிக்கத்தக்கது. கதலோனியாவுக்கு மோசோஸ், பாஸ்க் நாட்டுக்கு எர்ட்சைன்ட்சா, இவற்றுக்கு மேல் தேசியக் காவல் துறை, 1844 முதல் இருந்துவரும் சிவில் கார்டு. சீருடையைப் பார்த்தவுடனேயே ஊரார் முகத்தில் நேசமோ கசப்போ தோன்றிவிடும். லொரென்சோ சில்வா தன் நாயகர்களான பெவிலாக்குவாவையும் சாமொர்ரோவையும் சிவில் கார்டிலிருந்து எடுத்ததற்கு இது நல்ல பயன் தந்தது: மயோர்கா, கேனரித் தீவான லா கொமேரா, கதலோனியா என்று எங்கே அனுப்பப்பட்டாலும் அவர்கள் வெளியாட்கள். பெவிலாக்குவா உருகுவேயின் மொந்தெவிதேயோவில் பிறந்தவர் வேறு. எல்லாப் பிரதேசங்களுக்கும் போகும் ஆனால் எதற்கும் உரியவராக இல்லாத ஒருவரின் கண்ணில் ஸ்பெயின் எப்படி இருக்கும் என்பதே அந்த வரிசையின் கவர்ச்சி.

பாஸ்க் மொழியில் எழுதும் யோன் அர்ரெச்சே இன்னும் ஒரு படி போனார். பில்பாவோவின் சான் ஃபிரான்சிஸ்கோ என்ற குடியேறிகள் பகுதியில், மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாசோவிலிருந்து ஆவணங்கள் இல்லாமல் வந்த தூரேயைத் துப்பறிபவராக்கினார். போலீஸைக் கண்டால் ஓட வேண்டிய நிலையில் இருப்பவர் துப்பறிகிறார். 'பாஸ்க் அடையாளம்' என்றால் மலையும் தெய்வமும்தான் என்று எண்ணியிருப்பவர்கள் இந்த நாவல்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அட்லாண்டிக்கைக் கடந்தால் கேள்வி வேறு முகம் காட்டுகிறது. ஊர்ப் பெயரையே அழித்துவிட்டு ஊரை எழுத முடியுமா என்பதற்கு அர்ஜென்டீன எழுத்தாளர் போர்ஹெஸ் 1942இலேயே விடை சொல்லிவிட்டார். 'மரணமும் திசைகாட்டியும்' என்ற சிறுகதை பெயரில்லாத ஒரு நகரத்தில் நடக்கிறது. தெருக்களுக்குப் பிரெஞ்சுப் பெயர், பாத்திரங்களுக்குப் பல நாட்டுப் பெயர். பின்னர் ஓர் உரையில் அவர் சொன்னது: பல ஆண்டுகள் புவனோஸ் அயர்ஸ் புறநகரின் சுவையைக் கொண்டுவர உள்ளூர்ச் சொற்களை அள்ளி அள்ளிப் போட்டு எழுதிய புத்தகங்கள் மறக்கத்தக்கவையாயின, பாசேயோ கொலோன் தெருவை 'தூலோன் வீதி' ஆக்கி, அத்ரோகேயின் தோட்ட வீடுகளை 'த்ரீஸ்த்-லெ-ருவா' ஆக்கிய இந்தக் கொடுங்கனவில்தான் நண்பர்கள் தங்கள் நகரத்தின் புறநகர்ச் சுவையைக் கண்டுபிடித்தார்கள். இதே உரையில்தான் குர்ஆனில் ஒட்டகமே வராது, ஏனென்றால் முகம்மது அரபியராகவே இருந்தார், அதை நிரூபிக்க அவருக்கு ஒட்டகம் தேவைப்படவில்லை என்ற புகழ்பெற்ற வாதமும் வருகிறது. குர்ஆனில் ஒட்டகம் இருக்கவே இருக்கிறது. ஆனால் வாதம் நன்றாக இருப்பதால் யாரும் அதைத் திருத்த மனம் வைப்பதில்லை.

கியூபாவின் லியோனார்தோ பதூரா ஹவானாவின் ஓரத்தில் மந்தியா என்ற பகுதியில் 1955இல் பிறந்து இன்றும் அங்கேயே வாழ்பவர். அவருடைய மரியோ கோந்தே முதலில் தோன்றிய நாவல் 1991இல் மெக்சிகோவில்தான் அச்சாயிற்று. 1970களின் கியூபப் போலீஸ் கதைகளில் புரட்சியின் காவலர் தவறே செய்யாதவர், குற்றவாளி பெரும்பாலும் வெளிநாட்டுச் சதியின் கைப்பாவை. கோந்தேயோ குடிப்பவர், எழுத்தாளராக ஆக முடியாமல் போனவர், 1989இன் நான்கு பருவங்களில் நடக்கும் நான்கு வழக்குகளிலும் மேலிடத்து அழுகலையே தோண்டி எடுப்பவர். வேலை முடிந்தால் சக்கர நாற்காலியில் வாழும் நண்பன் கார்லோஸின் வீடு. எதுவும் கிடைக்காத நகரத்தில் கார்லோஸின் தாய் ஹோசெஃபினா மேசை நிறைய விருந்து படைக்கிறார். பொருள் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. எல்லாவற்றையும் கேட்டே ஆக வேண்டிய போலீஸ்காரர் அந்த ஒரு வீட்டில் மட்டும் கேள்வி கேட்காமல் சாப்பிடுகிறார். ஊர் என்பதன் அர்த்தம் அவருக்கு அந்த மேசைதான்.

மெக்சிகோவின் வடமேற்கே உள்ள குலியகான் நகரத்தை எழுதும் எல்மெர் மெந்தோசாவிடம் உரையாடல் தனி வரியில் நிற்காது, விவரணையோடு கலந்து ஓடும். யார் பேசுகிறார் என்று ஒரு கணம் தடுமாறித்தான் பிடிக்க வேண்டும். போதைப்பொருள் பணம் எல்லார் வீட்டுக்குள்ளும் புகுந்த ஊரில் குற்றவாளியின் குரலையும் அயலாரின் குரலையும் பிரிக்கும் கோடு அந்த அளவுக்குத்தான் தெளிவாக இருக்கும்.

இவை எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது சந்தியாகோ ரொன்காலியோலோவின் 'சிவப்பு ஏப்ரல்' (2006). பெருவின் ஆண்டிய மலைநகரமான அயகூச்சோவில் 2000ஆம் ஆண்டுப் புனித வாரத்தில் நடக்கும் கதை. அரசு வழக்கறிஞர் ஃபெலிக்ஸ் சக்கல்தானா அங்கே பிறந்து, லிமாவில் வளர்ந்து, திரும்பி வந்தவர். இறந்த தாயின் அறையை அப்படியே பேணி அவளோடு பேசுபவர். அவருடைய ஆயுதம் அறிக்கை: எரிந்த பிணத்தைப் பற்றியும் இலக்கணப் பிழையில்லாத, நிறுத்தற்குறி பிசகாத அலுவலக ஸ்பானிய மொழியில் எழுதுவார். உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2003இல் கணித்தபடி, 1980 முதல் 2000 வரை நடந்த உள்நாட்டு மோதலில் கொல்லப்பட்டோரும் காணாமற்போனோரும் ஏறத்தாழ 69,000 பேர். நாற்பது சதவீதத்துக்கு மேல் அயகூச்சோ வட்டாரத்தில். நான்கில் மூவரின் தாய்மொழி கெச்சுவா அல்லது வேறொரு பூர்வகுடி மொழி. அப்படிப்பட்ட ஊரில் விசாரணை நடப்பதே இறந்தவர்களில் பெரும்பாலோர் பேசாத மொழியில். சக்கல்தானாவின் வாக்கியங்கள் எவ்வளவு செம்மையோ அவ்வளவுக்கு அவை ஊரைத் தொடவில்லை. நாவல் நகர நகர அந்தச் செம்மை எப்படிக் குலைகிறது என்பதுதான் கதை. வியாரின் கலீசியக் கிழவர் சுற்றி வளைத்தாவது பதில் சொல்வார். அயகூச்சோவில் பதில் சொல்ல வேண்டியவர்கள் குழிகளில் கிடக்கிறார்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், ஆங்கில மொழிபெயர்ப்பில் எளிதாகக் கிடைப்பவற்றுள் வியாரின் இரண்டாவது நாவலைச் சொல்வேன். முதல் நாவல் சிறியது, ஆனால் எஸ்தேவெஸ் அதில் இன்னும் ஒரு வேடிக்கை மனிதராகவே இருக்கிறார். அடுத்து 'தென்கடல்கள்', பிறகு 'சிவப்பு ஏப்ரல்'. வியாரைப் படிக்கும்போது நிலக்காட்சிகளைக் கொஞ்சம் வேகமாகக் கடந்தாலும் குற்றமில்லை. பக்கத்தில் ஒரு தாளை வைத்துக்கொண்டு, எஸ்தேவெஸ் கேட்கும் கேள்விக்கு ஆமாம் என்றோ இல்லை என்றோ நேரான பதில் எத்தனை முறை கிடைக்கிறது என்று கோடு போட்டு வாருங்கள். நூறு பக்கம் தாண்டியும் தாள் ஏறக்குறைய வெள்ளையாகவே இருக்கும்.